நத்தைக்கு வேப்பெண்ணெய் எதற்கு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மாடித்தோட்டக்காரர்களுக்கும் கீரைப் பாத்திக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோட்டக்கார நண்பர்களே,

புரட்டாசியில் நாலு மழை விழுந்ததும் நம் பக்கத்தில் ஒரு புலம்பல் கிளம்பிவிடும். "ராத்திரி நல்லா இருந்த சிறுகீரை, காலையில பார்த்தா வெறும் தண்டு. இயற்கையா எதையாவது தெளிக்கலாமா?" கேட்டு முடிப்பதற்குள் யோசனைகள் வந்து குவியும். வேப்பெண்ணெய் தெளியுங்கள், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த 3ஜி கரைசல் அடியுங்கள், புகையிலையைக் கொதிக்கவிட்டு ஊற்றுங்கள், காபிச் சக்கையைத் தூவுங்கள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். சொல்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் சில வேலை செய்யும், பல வேலை செய்யாது, ஒன்றிரண்டு நம் உடம்புக்கே கேடு. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த மடல்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். நம் பாத்திகளில் பெரும் சேதம் செய்பவை இரண்டு. ஒன்று, ஓடு சுமக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தை. வில்லியம் பென்சன் என்பவர் 1847இல் மொரீஷியஸிலிருந்து இதைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்லர்; நத்தைகளையே ஆராய்ந்தவர்! அவர் கொண்டுவந்தது இன்று நம் வீட்டுச் சுற்றுச்சுவரில் ஏறி, சுண்ணாம்புச் சத்துக்காகச் சுவரையே சுரண்டித் தின்கிறது. இன்னொன்று ஓடில்லா நத்தை. கறுப்பாக, தட்டையாக, முதுகின் நடுவே வெளிறிய கோட்டோடு தொட்டியின் அடியில் ஒட்டிக்கிடக்கும். அறிவியல் பெயர் லேவிகாலிஸ் ஆல்ட்டே. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். நம்மில் பலர் அதை அட்டை என்கிறோம். ரத்தம் உறிஞ்சாது, கீரையை மட்டும் விட்டுவைக்காது.

இரண்டுமே இரவில் மேய்பவை. இரண்டிலும் ஆண் பெண் என்று தனித்தனி கிடையாது, ஒவ்வொன்றும் முட்டையிடும். பெருநத்தை ஒரு தடவைக்கே 100 முதல் 400 முட்டை வரை மண்ணுக்குள் இடும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கிக்கிடந்து, முதல் மழைக்கு எழுந்துவரும். "போன வாரம் ஒண்ணுகூட இல்லையே, எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்கிறோமே, எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தது.

இப்போது வேப்பெண்ணெய்க்கு வருகிறேன். நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. வேம்பின் மீது எனக்கும் மரியாதை உண்டு. அசுவினிக்கும் இலை தின்னும் புழுவுக்கும் அதை விஞ்சிய வீட்டு மருந்து குறைவு. ஆனால் வேம்பில் உள்ள அசாடிராக்டின் எப்படி வேலை செய்கிறது? பூச்சி வளரும்போது தோலுரிக்க வேண்டும். அதற்கான சுரப்பை அது குலைக்கிறது. புழு தோலுரிக்க முடியாமல் சாகிறது. நத்தை பூச்சி இனமே அல்ல. அதற்குக் கால் ஆறும் இல்லை, தோலுரிக்கிற வேலையும் இல்லை. சிப்பிக்கும் கணவாய்க்கும் அது சொந்தம். அதனால் பூச்சிக்கென்று காய்ச்சிய கசாயம் நத்தையிடம் எடுபடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படையே இல்லை.

இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய மூலிகைப் பூச்சிவிரட்டியும் அப்படித்தான். ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசப்பான இலை என்று அவர் கொடுத்த கணக்கு எளிமையானது, அருமையானது. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, ஆடுதின்னாப்பாளை. பெயரிலேயே பூச்சிவிரட்டி என்று இருக்கிறது. அதை நத்தைமேல் ஊற்றிவிட்டு "இயற்கை விவசாயம் பலிக்கலை" என்று சலித்துக்கொண்டால் அது மருந்தின் குற்றமா? எண்ணெய்ப் பிசுக்குள்ள இலையில் ஒரு ராத்திரி மேயத் தயங்கலாம். அடுத்த மழையில் பிசுக்கும் போகும், தயக்கமும் போகும்.

அப்படியானால் நத்தையைக் கொல்லும் தாவரச் சாறே உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. 1964இல் எத்தியோப்பியாவின் அட்வா என்ற ஊரில் அக்லிலு லெம்மா என்ற ஆராய்ச்சியாளர் ஓடைக்கரையில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பெண்கள் துணி துவைக்கும் துறைக்குக் கீழே நத்தைகள் செத்து மிதந்தன. அவர்கள் சவுக்காரத்துக்குப் பதிலாக எண்டோட் என்ற செடியின் காயைத்தான் இடித்துப் பயன்படுத்தினார்கள். நுரை தரும் சப்போனின் அதில் நிறைய. நத்தை வழியாக மனிதருக்குப் பரவும் பில்ஹார்சியா நோயைத் தடுக்க அந்தக் காய் உதவும் என்று அவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். 1989இல் அவருக்கும் அவருடைய சகாவுக்கும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருப்பது அதே சப்போனின் குடும்பம்தான். பூந்திக்கொட்டையின் உறவுமரம் ஒன்றின் காயிலிருந்து பிரித்த சப்போனின்கள் நெல்வயல் நத்தையைக் கொல்வதாகத் தைவானில் 2003இல் கண்டார்கள். உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் பல்கலைக்கழகத்திலோ பூண்டு, வேம்பு, கள்ளி, அரளி என்று வரிசையாக எடுத்துப் பல ஆண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள். மாடுகளுக்குக் கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்பும் குளத்து நத்தைதான் அவர்கள் குறி.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எத்தியோப்பியா, தைவான், கோரக்பூர், மூன்றிலுமே செத்தது தண்ணீர் நத்தை. அது மருந்து கலந்த தண்ணீரிலேயே மணிக்கணக்கில் ஊறிக்கிடக்கிறது, தப்பிக்க வழியில்லை. நம் தொட்டியில் இருப்பது தரை நத்தை. அதன்மேல் ஒரு துளி பட்டால் சளியைக் கக்கி மருந்தைக் கழற்றிவிட்டு நகர்ந்துவிடும். 'பூந்திக்கொட்டை நத்தையைக் கொல்லும் என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால், எந்த நத்தையை என்று திருப்பிக் கேளுங்கள்.

சப்போனினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மீன் வளர்ப்பவர்கள் குளத்தில் குஞ்சு விடுமுன், வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடுவார்கள். அதே புண்ணாக்கை வெள்ளைக்காரர்கள் தங்கள் கோல்ஃப் மைதானப் புல்வெளியில் தூவி, மண்புழுக்களை மேலே வரவழைத்து அள்ளிக் கொட்டினார்கள். அதாவது மீனின் செவுளையும் மண்புழுவின் தோலையும் அரிப்பதும் இதே சரக்கு. மாடித் தொட்டியில் மண்புழு உரம் போட்டுவிட்டு, மேலே பூந்திக்கொட்டைக் கரைசலைக் குடம் குடமாக ஊற்றுவதில் என்ன பொருள்? ஏரிக்கரையில் பாத்தி வைத்திருப்பவர்களுக்கு இதைக் கூடுதலாகவே சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. பருத்திப்பட்டு ஏரியும் அம்பத்தூர் ஏரியும் பறவைகளும் மீன்களும் உள்ளவை. கொரட்டூர் ஏரி ஏற்கெனவே கழிவுநீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வாய்க்கால் இந்த ஏரிகளில் ஒன்றில் போய்ச் சேருமானால் பூந்திக்கொட்டையும் வேண்டாம், இலுப்பையும் வேண்டாம்.

அடுத்தது புகையிலை. என் கவலை முழுக்க இதில்தான். புகையிலையின் நிக்கோடின் நத்தையின் நரம்பைத் தாக்கும், மறுப்பதற்கில்லை. கேரளத்தில் பெருநத்தை பெருகித் தோட்டம், வீடு, கிணற்றடி என்று எங்கும் ஏறியபோது, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கலவையைச் சொன்னது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஒரு லிட்டராக வற்றவைக்க வேண்டும். 60 கிராம் மயில்துத்தத்தை இன்னொரு லிட்டரில் கரைத்து இரண்டையும் கலந்து நத்தைமேல் தெளிக்க வேண்டும். அந்தக் குறிப்புதான் கைமாறிக் கைமாறி நம் பக்கம் வந்தபோது பாதி காணாமல் போய்விட்டது. மயில்துத்தம் கழன்றுவிட்டது, "மூலிகைக் கசாயம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நத்தைமேல் தெளிக்கச் சொன்னதைக் கீரைமேல் தெளிக்கிறார்கள். 60 கிராம் மயில்துத்தம் சேர்ந்த அசல் கலவையும் இளங்கீரையில் பட்டால் இலை கருகத்தான் செய்யும். அது மதிலுக்கும் புதருக்குமான மருந்து, சாப்பாட்டுச் செடிக்கு அல்ல.

இயற்கையிலிருந்து வந்ததென்றால் சாது என்று நினைப்பது நம் பெரிய பலவீனம். நிக்கோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ஈரப் புகையிலை இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், படபடப்பு வருவது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த நோய். நிக்கோடின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியை இந்தியாவுக்குள் பயன்படுத்தவே தடை இருக்கிறது. தொழிற்சாலையில் செய்தால் தடை, அடுப்பில் செய்தால் அமிர்தமா? அக்னி அஸ்திரம் என்று காய்ச்சுகிறோமே, அதிலும் புகையிலை உண்டு. கையுறை போட்டுக் கலக்குபவர்கள் நம்மில் எத்தனை பேர்? போதாததற்குப் புகையிலையில் தங்கியிருக்கும் தேமல் வைரஸ் நம் கை வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தாவும். சில வாரங்களிலேயே பிடுங்கி விற்கிற சிறுகீரையில், முளைக்கீரையில், வெந்தயக்கீரையில் புகையிலைத் தண்ணீர் படுவதை நான் எந்தக் கணக்கிலும் ஏற்க மாட்டேன். அரளி இலைச் சாறும் கள்ளிப்பாலும் இதே ரகம். அரளி நத்தையைக் கொல்லும், மனிதரையும் கொல்லும்.

காபி விஷயம் சுவாரசியமானது. ஹவாய்த் தீவில் ஒரு சின்னத் தவளை ராத்திரியெல்லாம் கத்தித் தூக்கத்தைக் கெடுத்தது. அதை விரட்டக் காஃபினைத் தெளித்துச் சோதித்துக்கொண்டிருந்த அமெரிக்க வேளாண் துறையினர், தவளையைப் பார்க்கப்போய், தொட்டிகளில் இருந்த நத்தைகள் சாவதைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2002இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஒன்று முதல் இரண்டு சதவீதக் காஃபின் கரைசல் நத்தையைக் கொன்றது, 0.01 சதவீதம்கூட இலையைத் தின்பதைக் குறைத்தது.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் டிகாஷன் சக்கையைத் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காபித்தூளில் காஃபின் தோராயமாக 3 சதவீதம். கொல்லும் அளவுக்கு, அதாவது ஒரு லிட்டருக்கு 10 கிராம் காஃபின் வேண்டுமானால், 300 கிராமுக்கு மேல் தூளைக் கரைக்க வேண்டும். அந்தக் காசுக்குக் கோயம்பேட்டில் கீரையே வாங்கி ஒரு மாதம் சமைக்கலாம். அந்த அடர்த்தி இலையையும் காயப்படுத்தும். தின்பதைக் குறைக்கும் அளவு என்றால் லிட்டருக்கு நான்கைந்து கிராம் தூள் போதும். இரண்டு மூன்று தேக்கரண்டிதான். இது செய்து பார்க்கத் தகுந்தது. நாற்று நட்ட முதல் வாரத்தில், மழையில்லாத சாயங்காலம், இலையின் மேலும் அடியிலும் தெளிக்கலாம். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். பாதி சிக்கரி கலந்த தூள் என்றால் அளவை இரட்டிப்பாக்குங்கள். வடிகட்டிய சக்கையில் காஃபின் மிச்சம் குறைவு. அதை உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று பூண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தரை நத்தைகளையே வைத்துப் பல விரட்டிகளைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பூண்டுச் சாறு அதில் நன்றாகத் தேறியது. தரை நத்தையிடம் சோதித்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். நம் 3ஜி கரைசலில் இஞ்சியும் பச்சைமிளகாயும் இருந்தாலும், நத்தையைப் பொறுத்தவரை நம்பிக்கை வைக்கத் தகுந்தது பூண்டு மட்டும்தான். ஒரு கைப்பிடி பூண்டைத் தோலோடு நசுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, வடிகட்டி, பொழுது சாயும் நேரத்தில் தொட்டியின் விளிம்பிலும் பாத்தியின் ஓரத்திலும் தண்டடியிலும் தெளியுங்கள். பறிக்கிற வாரத்தில் இலைமேல் வேண்டாம். கீரைக் கட்டில் பூண்டு வாசம் வந்தால் வாங்குகிற அக்கா சும்மா இருக்க மாட்டார். இது விரட்டி மட்டுமே. விரட்டிய நத்தை பக்கத்துத் தொட்டிக்குப் போகும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை ஓட்டை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, சரளை போன்ற தடுப்புகளை லெட்டூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுப் பார்த்தது; போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. உப்பு, நத்தையைக் கொல்லும், மண்ணையும் கெடுக்கும்.

கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைடு குருணையைப் பற்றியும் கேட்கிறீர்கள். நாய்க்கும் பூனைக்கும் அது எமன். பிரிட்டன் 2022இல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கே தடை போட்டுவிட்டது. தெருநாய் படுத்துக்கிடக்கிற நம் வாசல்களில் அதைத் தூவாதீர்கள். 'மூலிகை நத்தைக்கொல்லி' என்று லேபிள் சரியாக இல்லாத பாட்டில்கள் கைக்குக் கை விற்பனையாவதையும் பார்க்கிறேன். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, விற்பதற்குப் பதிவு எண் வேண்டும். பதிவு எண்ணும் உள்ளே என்ன சரக்கு என்பதும் அச்சிடாத பாட்டிலை வாங்காதீர்கள்.

சரி, பின்னே என்னதான் செய்வது? தாவரச் சாறைவிடத் தாவரமே நல்ல ஆயுதம். பப்பாளி இலையும் முட்டைக்கோஸின் வெளி இலையும் நத்தைக்கு விருந்து. ஈரக் கோணிச்சாக்கை நாலாக மடித்து, நடுவில் பப்பாளி இலையை வைத்துப் பாத்தி ஓரத்தில் சாயங்காலம் போடுங்கள். காலை ஆறு மணிக்குள் தூக்கிப் பாருங்கள், அடியில் கூட்டமாகக் கிடக்கும். கையுறை போட்டு எடுத்து, வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்ததும் ஆழமாகப் புதையுங்கள். தெருக்குப்பையில் கொட்டாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் டார்ச் அடித்துப் பொறுக்கினால் இன்னும் பலன். மழை தொடங்குமுன் ஒரு பெரிய நத்தையைப் பிடிப்பது நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பிடிப்பதற்குச் சமம்.

கையுறை என்று நான் அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, எலிப் புழுக்கையைத் தின்னும் நத்தைக்குள் புகுந்து, அங்கிருந்து மனிதருக்கு வந்தால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கும். கேரளத்தில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. பெருநத்தையும் ஓடில்லா நத்தையும் இரண்டுமே அந்தப் புழுவைச் சுமக்கக்கூடியவை. குழந்தைகள் நத்தையைத் தொட்டு விளையாட விடாதீர்கள். சாலட்டுக்குப் பச்சையாகப் பறிக்கும் இலையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். வேகவைத்த கீரையில் பயமில்லை.

கீரைப் பாத்தி அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. சாயங்காலம் பாய்ச்சும் தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். ராத்திரி மண்ணின் மேல்புறம் காய்ந்திருந்தால் நத்தை நகரவே கஷ்டப்படும். இது எந்தக் கசாயத்தையும்விடப் பலன் தரும், செலவும் இல்லை. வரப்பில் களையைச் செதுக்கி ஒரு முழ அகலம் வெறும் மண்ணாக விடுங்கள். அறுவடை முடிந்த பாத்தியில் நாலு வாத்தை இறக்கிவிட்டால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் திருவள்ளூர் மாவட்டத்துக்கானது. நத்தையை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள்.

நர்சரிக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாலாவது மாடிக்கு நத்தை ஏறிப் போனதாகச் செடி வாங்கியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் செடியின் மண்ணில் முட்டையாகப் போகிறது. விற்பதற்குமுன் பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வாங்குபவர்களும் பார்த்து வாங்குங்கள். புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

கடைசியாகக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு. நம் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு காலி மனை இருக்கிறது. இடுப்பளவு புதரும் கட்டட இடிபாடும் குப்பையுமாக. நத்தையின் தலைமை அலுவலகம் அதுதான். என் மாடியில் மட்டும் நான் பூண்டு தெளித்து என்ன ஆகப்போகிறது? ஐப்பசி மழை இறங்குமுன், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவுக்கு நாலு கோணிச்சாக்கு, நாலு வாளி, வீட்டுக்கு ஒருவர் என்று இறங்குங்கள். மனைச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துப் புதரை வெட்டச் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ மனு கொடுங்கள். அதுவரை கீரைமேல் புகையிலைத் தண்ணீர் தெளிப்பவர் யாராக இருந்தாலும், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருமுல்லைவாயலிலிருந்து ஒரு மாடித்தோட்டக்காரர்